12,500 ரூபாய் கூடப் போட்டு ஐ7 வாங்கலாமா?

கேள்வி: வணக்கம் சார். கும்பகோணம் பக்கத்தில் கல்யாண வீடியோ, ஆல்பம் வேலை செய்கிறேன். வருடத்துக்கு அறுபது கல்யாணம் வரும். என் கம்ப்யூட்டர் 2017-இல் வாங்கிய கோர் ஐ5-7400, 16 ஜிபி டிடிஆர்4 ராம். ஒன்றரை வருடம் முன்பு கேமராக்களை மாற்றினேன். இப்போது மூன்று சோனி கேமராக்கள், 4கே 50பி, ஹெச்.265-இல் எடுக்கிறோம். அன்றிலிருந்து பிரீமியர் ப்ரோ எடிட்டிங் சாஃப்ட்வேரில் டைம்லைன் திக்கித் திக்கி ஓடுகிறது. கிராபிக்ஸ் கார்டு போதவில்லை என்றார்கள், ஆர்டிஎக்ஸ் 3060 வாங்கிப் போட்டேன். ஒரு மாற்றமும் இல்லை. இப்போது ப்ராசஸரை மாற்றச் சொல்கிறார்கள். கடையில் இரண்டு கொட்டேஷன் வாங்கினேன். ஐ5-14400 என்றால் 18,500 ரூபாய், ஐ7-14700எஃப் என்றால் 31,000 ரூபாய். "வாங்குவதே வாங்குகிறீர்கள், ஐ7-ஆக வாங்குங்கள்" என்கிறார் மச்சான். கூடுதல் பணத்துக்கு நகையை அடகு வைக்க வேண்டியிருக்கும். வைக்கலாமா? டைம்லைன் ஓடும்போது எடுத்த டாஸ்க் மேனேஜர் படத்தை இணைத்திருக்கிறேன்.

பதில்: தம்பி, முதலில் நகை வீட்டிலேயே இருக்கட்டும்.

ஐ7 வேகமான ப்ராசஸர்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் உங்கள் கொட்டேஷனில் இருக்கிற அந்த ஐ7, உங்களுக்கு இருக்கிற தொந்தரவைத் தீர்ப்பதில் 18,500 ரூபாய் ஐ5-ஐ விடப் பின்தங்கியது. இது கடைக்காரருக்குத் தெரியாமல் இருக்கலாம். நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்க்காமல் இருந்திருந்தால் நானும் "பணம் இருந்தால் ஐ7 வாங்குங்கள்" என்று எழுதிவிட்டு அடுத்த கடிதத்துக்குப் போயிருப்பேன்.

அந்தப் படத்தில் இரண்டு எண்களைக் கவனித்தேன். சிபியு 100 சதவீதம். ஜிபியு, அதாவது கிராபிக்ஸ் கார்டு பக்கத்தில் 'வீடியோ டிகோட்' (சுருக்கிய வீடியோவைப் பிரிக்கும் வேலை) என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதில் 0. இருபதாயிரத்துக்கும் மேல் கொடுத்து வாங்கிய கார்டு கையைக் கட்டிக்கொண்டு நிற்க, பாவம் அந்த 2017 ப்ராசஸர் தன் நான்கு கோர்களையும் (ப்ராசஸருக்குள் வேலை செய்யும் ஆட்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்) வைத்துக்கொண்டு எல்லாச் சுமையையும் தூக்கிக்கொண்டிருக்கிறது. கார்டு ஏன் உதவிக்கு வரவில்லை என்பதுதான் கேள்வி. பதில் உங்கள் கேமராவில் இருக்கிறது. தொந்தரவு தொடங்கியது கேமரா மாற்றிய நாளிலிருந்து என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், இல்லையா?

ஹெச்.265 என்பது சுருக்கிக் கட்டிய மூட்டை. எடிட் செய்யும்போது ஒவ்வொரு பிரேமையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பிரிப்பதற்கென்றே கிராபிக்ஸ் கார்டுக்குள்ளும், இன்டெல் ப்ராசஸரோடு வரும் உள் கிராபிக்ஸுக்குள்ளும் தனியாக ஒரு சின்னப் பகுதி உண்டு. அது பிரித்தால் நொடியில் வேலை முடியும். அதற்குத் தெரியாத வகை மூட்டை வந்தால், ப்ராசஸர் தன் பொதுக் கோர்களைக் கொண்டு கையால் பிரிக்க வேண்டியதுதான்.

உங்கள் சோனி எடுப்பது 4:2:2 10பிட் என்ற வகை. 10பிட் என்பது நிறத்தின் படிகளை எவ்வளவு நுணுக்கமாகப் பதிவு செய்வது என்ற அளவு. வெளிச்சத்தின் அளவை ஒவ்வொரு புள்ளிக்கும் பதிவு செய்துவிட்டு, நிறத்தைப் பக்கவாட்டில் மட்டும் பாதியாகக் குறைப்பது 4:2:2. மேலும் கீழும் சேர்த்துப் பாதியாக்கினால் அது 4:2:0. நம் போனில் பார்க்கும் வீடியோவும், நீங்கள் பென்டிரைவில் போட்டு மாப்பிள்ளை வீட்டாருக்குக் கொடுக்கும் வீடியோவும் 4:2:0 தான். உலகத்தில் பெரும்பாலும் புழங்குவது அதுதான் என்பதால் கார்டு செய்பவர்கள் அதற்கே இடம் கொடுத்தார்கள். ஆர்டிஎக்ஸ் 3060 நிறத்தைக் குறைக்கவே குறைக்காத 4:4:4 ஹெச்.265-ஐக்கூடப் பிரித்துவிடும், நடுவில் இருக்கிற 4:2:2-ஐப் பிரிக்காது. விநோதம்தான். 2025-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் என்விடியா அந்த வசதியைக் கொடுத்தது. உங்கள் பழைய ஐ5-7400-க்குள் இருக்கும் உள் கிராபிக்ஸுக்கும் 4:2:2 தெரியாது.

இன்டெல்லின் டெஸ்க்டாப் ப்ராசஸர்களில் 12-ஆம் தலைமுறையின் உள் கிராபிக்ஸ் இந்த 4:2:2 10பிட் ஹெச்.265-ஐ அநாயாசமாகப் பிரிக்கும். 13, 14-ஆம் தலைமுறையும் அப்படியே. 14400, 14700 என்பவற்றின் முதல் இரண்டு இலக்கம்தான் தலைமுறை. அதற்கு 'குயிக் சிங்க்' என்று பெயர். உங்களுக்கு வேண்டியது அதுதான்.

இப்போது கொட்டேஷனை எடுத்து அந்த ஐ7-இன் பெயரை இன்னொரு முறை படியுங்கள். 14700-க்குப் பிறகு ஓர் 'எஃப்' இருக்கிறது. இன்டெல் ப்ராசஸரில் எஃப் என்றால் உள் கிராபிக்ஸ் கிடையாது என்று பொருள். உள் கிராபிக்ஸ் இல்லையென்றால் குயிக் சிங்க்கும் இல்லை. 12,500 ரூபாய் கூடக் கொடுத்து, உங்களுக்கு மிக அவசியமான ஒன்றைக் கழற்றிவிட்டு வாங்குகிறீர்கள். அந்த ஐ7-க்கு 20 கோர்கள் இருப்பதால் ஒரு கேமராவின் கிளிப்பை முரட்டுத்தனமாகவே ஓட்டிவிடும். மூன்று கேமராவை மல்ட்டிகேமில் ஒன்றாகப் போட்டு, மேலே கலர் கரெக்‌ஷனும் வைத்தால், திணறலை மறுபடியும் பார்ப்பீர்கள்.

எஃப் விஷயத்தில் நானும் சூடுபட்டவன். இந்த வரிசை 2019-இல் வந்த புதிதில், விலை குறைவாக இருக்கிறதே என்று ஒரு ஸ்டுடியோவுக்கு எஃப் போட்டுக் கொடுத்தேன். இரண்டு வருடம் நன்றாகத்தான் ஓடியது. வைகாசி முகூர்த்த நேரத்தில் கிராபிக்ஸ் கார்டு செத்துவிட்டது. உள் கிராபிக்ஸ் இருந்திருந்தால் கேபிளை மதர்போர்டில் செருகி, மெதுவாகவாவது வேலையை முடித்திருப்பார்கள். எஃப் என்பதால் திரையில் ஒன்றுமே வரவில்லை. என் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்த கார்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு இரவு பதினோரு மணிக்கு அங்கே போனேன். அன்றிலிருந்து எடிட்டிங் வேலைக்காரர்களுக்கு நான் எஃப் போடுவதில்லை.

சரி, எஃப் இல்லாத ஐ7-14700 வாங்கினால்? அது நல்ல மெஷின். இனிமேல்தான் உங்கள் உண்மையான கேள்விக்கே வருகிறோம்: அந்தக் கூடுதல் பணம் தகுமா?

கொட்டேஷனில் உள்ள வித்தியாசத்தையே எடுத்துக்கொள்வோம், 12,500. எஃப் இல்லாததற்கு இன்னும் கொஞ்சம் கூடும், அதை விட்டுவிடுவோம். ஐ7-14700 முழு வேகத்தில் 219 வாட் வரை இழுக்கும். பெட்டியோடு வரும் கூலர் அதைத் தாங்காது. அதுவும் சித்திரை வெயிலில், ஏசி இல்லாத அறையில் சூடு 100 டிகிரியைத் தொட்டதும் ப்ராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கொடுத்த பணம் ஆவியாகப் போகும். ஆக நல்ல கூலர் ஒன்று, 3,000 ரூபாய். மொத்தம் 15,500. நான்கு வருடம் உழைக்கும் என்று வைத்தால் 240 கல்யாணங்கள். ஒரு கல்யாணத்துக்குச் சுமார் 65 ரூபாய்.

65 ரூபாய்க்கு அரை மணி நேரம் மிச்சமானால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். நான் கஞ்சத்தனம் பேச வரவில்லை. ஆனால் எந்த அரை மணி மிச்சமாகிறது என்று பாருங்கள்.

உங்கள் வேலையில் காத்திருப்பு இரண்டு விதம். மவுஸைக் கையில் பிடித்துக்கொண்டு, அடுத்த கட் எங்கே வைப்பது என்று பார்க்க முடியாமல், திக்குகிற திரையை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது ஒரு விதம். எக்ஸ்போர்ட் போட்டுவிட்டுச் சாப்பிடப் போவது இன்னொரு விதம். முதல் வகையில் ஒரு நிமிடம் மிச்சமானாலும் அது உங்கள் நிமிடம். இரண்டாவது வகையில் இருபது நிமிடம் மிச்சமானாலும், நீங்கள் சாப்பிட்டுக்கொண்டுதானே இருந்தீர்கள்? முதல் வகைக் காத்திருப்பைத் தீர்ப்பது குயிக் சிங்க். அது ஐ5-இலும் இருக்கிறது. ஐ7-இன் கூடுதல் கோர்கள் பெரும்பாலும் இரண்டாவது வகையைத்தான் தொடுகின்றன. அதிலும் பிரீமியரில் ஹார்டுவேர் என்கோடிங் வைத்திருந்தால், எக்ஸ்போர்ட்டில் மூட்டை கட்டும் வேலையை உங்கள் 3060 செய்துவிடும். அங்கேயும் கோர்களுக்குப் பாதி வேலைதான்.

கோர் கூடினால் வேகம் அதே அளவு கூடும் என்ற நினைப்பை 1967-லேயே ஜீன் ஆம்டால் என்ற கம்ப்யூட்டர் வடிவமைப்பாளர் உடைத்தார். கல்யாணச் சமையல் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. காய் நறுக்க நான்கு பேருக்குப் பதில் எட்டுப் பேரை உட்கார வைக்கலாம், அது சீக்கிரம் முடியும். சாம்பார் கொதிக்கிற நேரம் எட்டுப் பேர் சுற்றி நின்றாலும் அதேதான். ஒரு வேலையில் 60 சதவீதம் பங்கு போடக்கூடியது, 40 சதவீதம் ஒற்றை ஆள் வேலை என்றால், கோர்களை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது 1.4 மடங்கு வேகம்தான், 2 மடங்கு இல்லை. ஆல்பம் டிசைனுக்கு போட்டோஷாப் திறந்து வைத்திருக்கிறீர்களே, அதில் பல வேலைகள் சாம்பார் வகை. அங்கே எண்ணிக்கையை விட ஒரு கோரின் வேகம்தான் பேசும். ஐ5-14400 அதிகபட்சம் 4.7 கிகாஹெர்ட்ஸ், ஐ7-14700 5.4. வித்தியாசம் 15 சதவீதம். கண்ணுக்குத் தெரியலாம், தெரியாமலும் போகலாம்.

மச்சானைப் பற்றி ஒரு வார்த்தை. "ஐ7 என்றாலே ஐ5-ஐ விட வேகம்" என்று நம்புகிறவர் அவர் மட்டுமில்லை, ஊரே நம்புகிறது. லேப்டாப் கடைக்குப் போய்ப் பாருங்கள். ஐ7-1255யு என்பதில் பெரிய கோர்கள் 2, சின்னக் கோர்கள் 8. அதே தலைமுறையின் ஐ5-12500எச் என்பதில் பெரிய கோர்கள் 4, சின்னவை 8. மின்சாரமும் தாராளமாக எடுத்துக்கொள்ளும். எடிட்டிங் மாதிரி கனமான வேலையில் இந்த ஐ5 அந்த ஐ7-ஐ முந்திவிடும். 2022-இன் ஐ3-12100-கூட, 2017-இல் கொடிகட்டிப் பறந்த ஐ7-7700-ஐத் தாண்டுகிறது. 5, 7 என்பவை கடைப்பலகையில் எழுதும் எண்கள். பின்னால் வரும் நான்கைந்து இலக்கத்தையும் எழுத்தையும்தான் படிக்க வேண்டும்.

ஐ7 பக்கம் சாய்வதாக இருந்தால் இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை ஐ7, ஐ9 வகைகளில் மின்னழுத்தம் எகிறி, நாளடைவில் ப்ராசஸர் தளர்ந்து, மெஷின் திடீர் திடீரென நின்றுபோகிற பிரச்சினை இருந்தது. 2024-இல் இன்டெல்லே ஒப்புக்கொண்டு, ஆகஸ்டிலிருந்து பயாஸ் (மதர்போர்டுக்குள்ளேயே இருக்கும் தொடக்க மென்பொருள்) வழியாகத் திருத்தம் கொடுத்தது. பாதிக்கப்பட்ட வகைகளுக்கு வாரண்டியை இரண்டு வருடம் நீட்டித்தது. பயந்து ஒதுங்க வேண்டியதில்லை. ஆனால் கடையில் நிற்கும்போதே புது பயாஸ் ஏற்றித் தரச் சொல்ல வேண்டும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் வாங்குவது ஐ5-14500. 14400-ஐ விட இரண்டு மூவாயிரம் கூட இருக்கலாம். அந்த வித்தியாசம் தகும். 14400-இன் உள் கிராபிக்ஸில் வீடியோ பிரிக்கும் பகுதி ஒன்றுதான். 14500-இல் அது இரண்டு. மூன்று கேமரா கிளிப்பை ஒன்றாக ஓட்டும் ஆளுக்கு அது உடனே பலன் தரும். கோர்களும் 10-க்குப் பதில் 14. முழு வேகத்திலும் 154 வாட்டைத் தாண்டாது. அது கிடைக்கவில்லையென்றால் 14400 வாங்குங்கள், ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

புது ப்ராசஸருக்குப் புது மதர்போர்டும் வேண்டும். அந்த விஷயத்தில் கடைக்காரர் டிடிஆர்5 (ராமின் புது வகை) என்பார். பி760 என்ற போர்டு வகையில் உங்களிடம் இருக்கிற டிடிஆர்4 ராம் போடும் மதர்போர்டுகளும் உண்டு. நான்கு ஸ்லாட் உள்ளதாகப் பார்த்துக் கேளுங்கள். ராம் விலை ஏறிக்கிடக்கிற இந்த நேரத்தில் உங்கள் 16 ஜிபி-யைத் தூக்கிப் போடுவது பாவம். அதையே செருகி, இன்னொரு 16 சேர்த்து 32 ஆக்குங்கள். பழைய ராமின் வேகத்துக்குப் புதியதும் இறங்கி ஓடும். எடிட்டிங்கில் ராம் வேகமாக இருப்பதை விடப் போதுமானதாக இருப்பதுதான் முக்கியம். வேகத்துக்காக டிடிஆர்5-ஐத் துரத்தச் சொல்பவர்கள் கேம் ஆடுகிறவர்கள், அவர்கள் கணக்கு வேறு.

அப்புறம் கிளிப்புகளை எதில் வைத்து எடிட் செய்கிறீர்கள் என்று எழுதவில்லை. வெளி ஹார்டு டிஸ்க் என்றால் அங்கேயும் ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது. கேமரா ஒன்று நொடிக்கு 200 மெகாபிட் பதிவு செய்கிறது என்றால் அது 25 மெகாபைட். மூன்று கேமரா 75. நேராகப் படித்தால் ஹார்டு டிஸ்க் இதைக் கொடுத்துவிடும். ஆனால் மூன்று பைல்களுக்கும் மாறி மாறி முள் தாவ வேண்டும், அங்கேதான் சறுக்கும். நடப்பு வேலைக்கு மட்டும் 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி (முள் இல்லாத, வேகமான டிஸ்க்) வையுங்கள். முடிந்த கல்யாணங்கள் ஹார்டு டிஸ்க்கில் தூங்கட்டும். ஐ7-க்கு என்று நீங்கள் ஒதுக்க நினைத்த பணத்தில் எஸ்எஸ்டியையும் ராமையும் பார்த்துக்கொள்ளலாம்.

யுபிஎஸ் 600 விஏ வைத்திருந்தால் அது புது மெஷினுக்குத் தாங்காது, எந்த ப்ராசஸர் வாங்கினாலும். கார்டு ஒன்றே 170 வாட். 1 கேவிஏ பாருங்கள். எக்ஸ்போர்ட் 90 சதவீதத்தில் இருக்கும்போது கரண்ட் போகிற வேதனையை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

மெஷின் வந்ததும் ஒரு வேலை இருக்கிறது, பலர் இதைச் செய்யாமல் "ஐ5 சரியில்லை" என்று திரும்பி வருவார்கள். தனிக் கார்டு செருகியிருந்தால் பல மதர்போர்டுகள் உள் கிராபிக்ஸைத் தாமாகவே அணைத்துவிடும். பயாஸுக்குள் போய் 'மல்ட்டி மானிட்டர்' என்பது போல இருக்கும் அமைப்பை இயக்க வேண்டும். பிறகு பிரீமியரின் பிரிபரன்ஸில், மீடியா என்ற பக்கத்தில், ஹார்டுவேர் டிகோடிங்குக்கு இன்டெல்லையும் டிக் செய்யுங்கள். இப்போது டைம்லைனை ஓட்டிவிட்டு டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் இன்டெல் கிராபிக்ஸின் 'வீடியோ டிகோட்' ஏறுவதைப் பார்ப்பீர்கள். 0 என்றே நின்றால் ஏதோ ஒன்றை விட்டுவிட்டீர்கள்.

கூடுதல் பணம் ஐ7-க்குத் தகுகிற ஆட்களும் இருக்கிறார்கள். நாள் முழுக்க ஆயிரக்கணக்கான ரா போட்டோக்களை லைட்ரூமில் எக்ஸ்போர்ட் செய்பவர், பிளெண்டர் என்ற 3டி சாஃப்ட்வேரில் ப்ராசஸரை வைத்தே ரெண்டர் போடுபவர், பகலில் மூன்று பேர் மாற்றி மாற்றி உட்காரும் மெஷினில் எக்ஸ்போர்ட் முடிந்தால்தான் அடுத்தவர் தொடங்க முடியும் என்கிற ஸ்டுடியோ. நாளைக்கு நீங்களும் ஆள் வைத்து அப்படி வளரலாம். அப்போது இதே மதர்போர்டில் ஐ5-ஐக் கழற்றிவிட்டு ஐ7-ஐச் செருகலாம். போர்டு வாங்கும்போது கொஞ்சம் நல்ல போர்டாக எடுத்தால் போதும். அந்த சாக்கெட் (போர்டில் ப்ராசஸரைச் செருகும் இடம்) 14-ஆம் தலைமுறையோடு முடிந்துவிட்டது என்பதால் அதற்கு மேல் அதில் ஏற முடியாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆர்டிஎக்ஸ் 3060-ஐ விற்றுவிட்டு 5060 வாங்கினால் என்ன என்று கேட்பீர்கள். அதுவும் 4:2:2-ஐப் பிரிக்கும். அப்போது எஃப்-ஆக இருந்தாலும், ஏஎம்டி ரைசனாக இருந்தாலும் கவலையில்லை. ஆனால் போன வருடம்தான் கார்டு வாங்கினீர்கள். பழைய கார்டை விற்கப்போனால் என்ன விலை சொல்வார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

புது மெஷின் வாங்கும் வரை, காசே செலவில்லாமல் இரண்டு வழிகள் உண்டு. கேமராவின் ரெக்கார்டிங் அமைப்பில் 4:2:0 10பிட் என்ற தேர்வும் இருக்கும். அடுத்த சின்ன நிகழ்ச்சி ஒன்றை, வளைகாப்போ பிறந்தநாளோ, அதில் எடுத்துப் பாருங்கள். உங்கள் 3060 அதைப் பிரித்துவிடும், டைம்லைன் இந்தப் பழைய மெஷினிலேயே எவ்வளவு இலகுவாகிறது என்று தெரியும். முகத்தின் நிறத்தைச் சரிசெய்ய உதவுவது 10பிட்; அது கையில் இருக்கும்வரை கல்யாண வீட்டில் யாரும் 4:2:2 எங்கே என்று கேட்கப் போவதில்லை. பச்சைத் திரை வைத்து எடுப்பவர்களுக்குத்தான் அது உயிர். ஏற்கெனவே எடுத்து வைத்த கிளிப்புகளுக்கு ராத்திரி படுக்கப் போகும் முன் ப்ராக்ஸி (எடிட்டிங்குக்கு மட்டும் பயன்படும் இலகுவான நகல்) போட்டுவிடுங்கள். காலையில் வழுக்கிக்கொண்டு ஓடும்.

இதைப் படித்துவிட்டு "அப்படியானால் மெஷினே வேண்டாமா" என்று நினைத்துவிடாதீர்கள். வேண்டும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது; விண்டோஸ் 11-க்கான பட்டியலில் ஐ5-7400 கிடையாது. ஒன்பது வருடம் சோறு போட்ட மெஷின், மரியாதையோடு ஓய்வு கொடுங்கள். ஆடியில் முகூர்த்தம் இல்லாத நாட்களில் வாங்கி, பழைய கல்யாணம் ஒன்றை அதில் எடிட் செய்து பழகிவிட்டு ஆவணிக்குத் தயாராகுங்கள். ஆவணி முதல் முகூர்த்தத்தன்று புது மெஷினைப் பெட்டியிலிருந்து பிரிப்பவர்கள் எனக்கு நடுராத்திரியில் போன் செய்கிறார்கள்.

கடைக்குப் போகும்போது மூன்று கேமராவின் கிளிப்புகளையும் ஒரு எஸ்எஸ்டியில் எடுத்துப் போங்கள். இதே வகை ப்ராசஸர் உள்ள மெஷின் ஏதாவது ஒன்று அவர்களிடம் ஓடிக்கொண்டிருக்கும். அதில் மல்ட்டிகேம் போட்டு ஐந்து நிமிடம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மச்சானையும் அழைத்துப் போங்கள். பில் போடும்போது ப்ராசஸர் பெயருக்குக் கடைசியில் என்ன எழுத்து இருக்கிறது என்று அவரையே படிக்கச் சொல்லுங்கள்.